நடுவர் இல்லாத நெடுவழி: தற்சார்பு சைக்கிள் போட்டிகளும் அவற்றின் அறமும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள பான்ஃப் என்ற மலைநகரில், ஆண்டுதோறும் ஜூன் மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலையில், பைகள் கட்டிய மலைச் சைக்கிள்களோடு ஒரு கூட்டம் புறப்படுகிறது. ராக்கி மலைத்தொடரை ஒட்டித் தெற்கே இறங்கி, அமெரிக்க–மெக்சிகோ எல்லையிலுள்ள ஆன்டிலோப் வெல்ஸ் என்ற ஆளரவமற்ற சோதனைச் சாவடியில் முடியும் அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 4,400 கி.மீ.; அதில் பெரும்பகுதி மண்சாலையும் சரளைச்சாலையும்தான். டூர் டிவைட் என்ற இந்தப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசுத்தொகை கிடையாது, பின்தொடரும் வண்டி கிடையாது, வழியில் தண்ணீர் நீட்டுவதற்கு அமைப்பாளர்களின் ஆட்களும் கிடையாது. கடிகாரம் மட்டும் புறப்பட்ட நொடியிலிருந்து நிற்பதில்லை. உறங்கும் நேரமும், கடையில் வரிசையில் நிற்கும் நேரமும், கிழிந்த டயரை ஊசிநூலால் தைக்கும் நேரமும் அந்தக் கணக்கில் அடக்கம்.

இத்தகைய போட்டிகளைத் தற்சார்பு நெடுந்தூர சைக்கிள் போட்டிகள் எனலாம். ஓட்டுபவர்களிடையே பைக்பேக்கிங் ரேஸ் என்ற பெயரே புழங்குகிறது. சைக்கிள் சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒன்று, இருக்கைக்குப் பின்னால் ஒன்று, கைப்பிடியில் ஒன்று எனப் பைகளைக் கட்டி, உறங்கும் பையிலிருந்து பஞ்சர் ஒட்டும் பசை வரை வேண்டியதையெல்லாம் ஓட்டுபவரே சுமந்து செல்கிறார். முதன்முதலாக இதைக் கேள்விப்படுபவர், யாரால் அதிகத் துன்பத்தைத் தாங்க முடியும் என்று பார்க்கும் பந்தயம் என எண்ணிக்கொள்வது இயல்பு. அப்படி அணுகினால் இதன் சாரம் பிடிபடாது என்பது என் கருத்து. சகிப்புத்தன்மையைச் சோதிக்கும் விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. ஒருவர் எந்த உதவியைப் பெறலாம், எதைப் பெறலாகாது என்ற கேள்வியை நடுவர் யாரும் இல்லாத இடத்தில், ஒவ்வொரு நாளும் பலமுறை, தானே கேட்டுத் தானே விடை சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பதுதான் இந்த விளையாட்டுக்கே உரிய தன்மை.

அருகிலுள்ள பிற வகைகளோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். 1982இல் தொடங்கிய ரேஸ் அக்ராஸ் அமெரிக்காவும் ஒரு கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் போட்டிதான். ஆனால் அங்கே தனியாக ஓட்டும் வீரருக்கும் துணையாக ஒரு குழு வண்டியில் வருகிறது. உணவு கொடுப்பது, கால்களைப் பிடித்துவிடுவது, வழி சொல்வது, எப்போது எழுப்புவது என்று கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்தக் குழுவின் வேலை. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போன்ற பயணங்களில் 1,200 கி.மீ. தொலைவை 90 மணி நேர வரம்புக்குள் முடித்தாலே போதும், யார் முந்தினார் என்பது பொருட்டல்ல. பலர் கூடி ஓட்டுவதும் அங்கே இயல்பான வழக்கம். தற்சார்புப் போட்டியிலோ முந்துவதும் முக்கியம், தனித்து நிற்பதும் முக்கியம்.

இதன் இன்றைய வடிவம் மிகப் பழையதன்று. ராக்கி மலையோரப் பாதையை ஒரு சைக்கிள் சங்கம் 1990களில் வரைபடமாக்கியது, போட்டிக்காக அல்ல, நிதானமாகச் சுற்றிப் பார்ப்பவர்களுக்காக. 1999இல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்பவர் அதன் அமெரிக்கப் பகுதியைத் தன்னந்தனியாக, நேரத்தை மட்டும் எதிராளியாக வைத்து ஓட்டி முடித்தார். 2004இல் அதே பாதையில் கிரேட் டிவைட் ரேஸ் தொடங்கியது. 2008இல் பான்ஃபிலிருந்து புறப்படும் டூர் டிவைட் வந்தது. ஐரோப்பாவில் மைக் ஹால் என்ற பிரிட்டன் வீரர் 2013இல் டிரான்ஸ்கான்டினென்டல் போட்டியைத் தொடங்கினார். லண்டனிலிருந்து இஸ்தான்புல் வரை நடந்த அதன் முதல் பந்தயத்தில் தொடக்கமும் முடிவும் இடையிலுள்ள சில சோதனை நிலையங்களும் மட்டுமே குறிக்கப்பட்டன. அவற்றுக்கு இடையே எந்தச் சாலையில் போவது என்பதை ஒவ்வொருவரும் தாமே தீர்மானித்துக்கொண்டார்கள். வரைபடத்தோடு பல இரவுகள் உட்கார்ந்து திட்டமிடுவதும் அங்கே போட்டியின் பகுதி.

விதிகளின் சொற்கள் போட்டிக்குப் போட்டி மாறினாலும் நடுக்கரு ஒன்றே. உணவு, நீர், தங்குமிடம், உதிரிபாகம் ஆகியவற்றை ஒருவர் உடன் சுமந்துவர வேண்டும், அல்லது வழியில் எல்லாருக்கும் திறந்திருக்கும் கடையிலோ விடுதியிலோ பழுதுபார்க்கும் இடத்திலோ பெற்றுக்கொள்ள வேண்டும். தனக்கு மட்டும் கிடைக்கும்படி முன்கூட்டி ஏற்பாடு செய்த உதவி எதையும் ஏற்கக்கூடாது. இதைப் படிப்பவர் பலரும் ‘யாருடைய உதவியும் இல்லாமல்’ என்று புரிந்துகொண்டு, பிறகு வீரர்கள் ஓட்டலில் அறை எடுப்பதையும் சைக்கிள் கடையில் சங்கிலி மாற்றுவதையும் பார்த்து, இது என்ன தற்சார்பு என்று கேட்கிறார்கள். உதவியே இல்லாமல் வாழ்வது இங்கே நோக்கமல்ல. தனக்குப் பின்னால் வரும் வீரருக்கும் இதே உதவி இதே முறையில் கிடைத்திருக்குமா என்பதே அளவுகோல். கிடைத்திருக்கும் என்றால் அது வழியின் இயல்பு. கிடைத்திருக்காது என்றால் அது ஒருவருக்கு மட்டும் வாய்த்த சலுகை.

ஓர் எடுத்துக்காட்டு. நியூ மெக்சிகோ மாநிலத்தில் பை டவுன் என்ற சிற்றூரில், வாசலில் பழைய டோஸ்டர்களை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும் வீடு ஒன்று இருக்கிறது. டோஸ்டர் ஹவுஸ் என்றே அதற்குப் பெயர். நெடும்பாதையில் நடந்து வருபவரும் சைக்கிளில் வருபவரும் அங்கே தங்கிக்கொள்ளலாம். கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அது வணிக விடுதி அன்று, ஒருவகையில் தனியார் விருந்தோம்பல்தான். ஆயினும் டூர் டிவைட் வீரர் அங்கே உறங்கினால் யாரும் குறை சொல்வதில்லை, ஏனெனில் அந்தக் கதவு அடுத்தவருக்கும் திறந்திருக்கிறது. அதே ஊரில் அவருடைய நண்பர் ஒருவர் குடியிருந்து, வருகையை அறிந்து சமைத்து வைத்திருந்தால் அது விதிமீறல். இரண்டு இடங்களிலும் படுக்கை ஒன்றுதான், பசியும் ஒன்றுதான்.

இந்த நுணுக்கத்தின் முன்னோடியைச் சாலைப் பந்தயத்தின் தொடக்க காலத்திலேயே காணலாம். 1913ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியில், யூஜின் கிறிஸ்டோஃப் என்ற வீரர் டூர்மாலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை முறிந்தது. பழுதானால் வீரரே சரிசெய்ய வேண்டும் என்பது அன்றைய விதி. அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு 10 கி.மீ.க்கும் மேல் நடந்து, செயின்ட் மரி டி காம்பான் என்ற ஊரின் கொல்லன் பட்டறையை அடைந்து, இரும்பைக் காய்ச்சித் தன் கையாலேயே அடித்து ஒட்டவைத்தார். போட்டியின் அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கைகளும் இரும்பிலும் சுத்தியலிலும் இருந்ததால் துருத்தியை ஒரு சிறுவன் இயக்கினான். அதற்காக அவருக்கு நேரத் தண்டனை விதிக்கப்பட்டது. விதியின் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்றைய தற்சார்புப் போட்டியின் அளவுகோலை அங்கே வைத்தால், பட்டறைக்காரரே முழு வேலையையும் கூலிக்குச் செய்து கொடுத்திருந்தாலும் குற்றமில்லை.

சில விதிகளுக்கு விளக்கம் அதிகம் வேண்டியதில்லை. பாதையை விட்டு விலகினால், விலகிய அதே இடத்துக்குத் திரும்பிவந்து தொடர வேண்டும், குறுக்குவழி கூடாது, முன்னோக்கிச் செல்ல மோட்டார் வண்டியில் ஏறக்கூடாது. உடைந்த சைக்கிளோடு பக்கத்து ஊருக்கு வண்டியில் போய்வருவதைச் சில போட்டிகள் அனுமதிக்கும், சில அனுமதிக்கா. புறப்படும் முன் அந்தப் போட்டியின் விதிகளைப் படித்துக்கொள்வதே இதற்கு வழி.

மற்றொரு வீரரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டுவது பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முன்னால் செல்பவர் காற்றைப் பிளந்துகொண்டு போவதால் பின்னால் வருபவருக்கு உழைப்பு கணிசமாகக் குறைகிறது. டிராஃப்டிங் எனப்படும் இதுவே சாதாரணச் சாலைப் பந்தயங்களின் உயிர்நாடி, தற்சார்புப் போட்டிகளில் இதுவே தடை. ஆனால் பக்கத்தில் பேசிக்கொண்டே ஓட்டுவது தடையன்று. பல நாட்கள் தனிமையில் கழித்தவருக்கு ஒரு மணி நேரப் பேச்சே மருந்தாகிவிடும். அந்தப் பேச்சுத்துணையால் இருவருமே விழித்திருக்க முடிந்தது என்றால் அது உதவியா, உதவியில்லையா? இணையாகப் பதிவு செய்துகொண்டு ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் தனிப்பிரிவு டிரான்ஸ்கான்டினென்டல் போன்ற போட்டிகளில் உண்டு. தனியாகப் பதிவு செய்துகொண்டு நடைமுறையில் இணையாகவே ஓட்டும்போதுதான் சிக்கல் எழுகிறது.

சேர்ந்து ஓட்டலாமா என்ற கேள்விக்கு மிகச் சுருக்கமான விடை 2016இல் டிரான்ஸ் ஆம் போட்டியில் கிடைத்தது. ஒரிகன் மாநிலத்தின் அஸ்டோரியாவிலிருந்து வர்ஜீனியாவின் யார்க்டவுன் வரை, அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் போட்டி அது. முடிவுக்கு முந்தைய இரவில், முதலிடத்தில் இருந்த ஸ்டெஃபன் ஸ்ட்ரைக் சிறிது நேரம் உறங்கி எழுந்து, உறக்கக் கலக்கத்தில் திசை மாறி, வந்த வழியே திரும்ப ஓட்டத் தொடங்கிவிட்டார். எதிரே இரண்டாம் இடத்தில் வந்துகொண்டிருந்த லேல் வில்காக்ஸ் என்ற வீராங்கனையைச் சந்தித்த பிறகுதான் தவறு தெரிந்தது. இருவரும் சேர்ந்தே முடித்துவிடலாமே என்று அவர் கேட்டார். இது போட்டியாயிற்றே என்று மறுத்துவிட்டு லேல் வேகத்தைக் கூட்டினார். 18 நாட்களும் 10 நிமிடங்களும் எடுத்து, ஆண் பெண் அனைவரையும் முந்தி முதலாவதாக முடித்தார். அந்த மறுப்பைக் கடுமை என்று கருதியவர்களும் உண்டு. எனக்கு அது நேர்மையாகவே படுகிறது: அத்தனை நாளும் தனித்தனியாக எடுத்த முடிவுகளின் கூட்டுத்தொகைதான் அந்த இரவின் இடைவெளி, நள்ளிரவில் நடுத்தெருவில் பேசி அதை அழித்துவிடலாம் என்றால், முந்தைய நாட்களின் முடிவுகளுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

இவற்றையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள்? பெரும்பாலும் யாருமில்லை. ஒவ்வொரு வீரரும் செயற்கைக்கோள் வழியாக இருப்பிடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பும் டிராக்கர் ஒன்றைச் சுமக்கிறார். இணைய வரைபடத்தில் அவர் ஒரு புள்ளியாக நகர்வதை உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். பாதை தவறினாரா, வண்டியில் ஏறினாற்போல வேகம் கூடியதா என்பது புள்ளியில் தெரியும். நண்பர் நீட்டிய சாப்பாடு தெரியாது, முன்னவரின் பின்சக்கரத்தை ஒட்டிக் கடந்த 50 கி.மீ. தெரியாது. ஆகவே டிராக்கரைக் காவலன் என்று நம்புவது வீண். ஒருவர் தம் மீறலைத் தாமே அமைப்பாளருக்குத் தெரிவிப்பார் என்ற எதிர்பார்ப்பின் மேல்தான் முழு அமைப்பும் நிற்கிறது.

புள்ளியைப் பார்ப்பவர்களாலும் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. முன்பின் தெரியாத ரசிகர் ஒருவர், வரைபடத்தில் வீரர் நெருங்குவதைக் கண்டு, குளிர்பானத்தோடு சாலையோரம் காத்திருக்கிறார். வீரர் இதை ஏற்பாடு செய்யவில்லை. ஆயினும் முன்னணியில் இருப்பவருக்கும் புகழ்பெற்றவருக்கும் இது அடிக்கடி நிகழும், கடைசியில் வருபவருக்கு அவ்வளவாக நிகழாது. தற்செயலான அன்பை ஏற்கலாம் என்கின்றன சில போட்டிகள். கைகூப்பி மறுத்துவிடுங்கள் என்கின்றன வேறு சில. வயோமிங் மாநிலத்தின் கிரேட் டிவைட் பேசின் போன்ற, ஊரும் நீரும் இல்லாத நெடும் வெளியில் கிடைக்கும் ஒரு புட்டித் தண்ணீருக்கும், கடைத்தெருவில் கிடைக்கும் புட்டிக்கும் எடை வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குடும்பத்தினர் வழியில் வந்து பார்ப்பது இதைவிடவும் கடினமான வழக்கு. 2019இல் டூர் டிவைடில் லேல் வில்காக்ஸின் பயணத்தைப் படமாக்க ஒரு குழு சென்றபோது, அதில் அவருடைய வாழ்க்கைத்துணையும் இருந்ததால் நீண்ட விவாதம் எழுந்தது. அவர்கள் எதையும் கையில் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அன்புக்குரிய முகம் ஒன்று அடுத்த கணவாயில் இருக்கும் என்ற எண்ணம் மனத்துக்குத் தரும் பலம் உதவியாகாதா என்று ஒரு தரப்பு கேட்டது. அப்படியென்றால் தினமும் இரவில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுபவரை என்ன செய்வது என்று மறுதரப்பு கேட்டது. இரண்டும் நியாயமான கேள்விகளே. தொலைபேசியில் வீட்டார் ஆறுதல் சொல்வதை அநேகமாக எந்தப் போட்டியும் தடுப்பதில்லை. அதே வீட்டார் அடுத்த ஊரில் எந்த விடுதியில் அறை காலி என்று தேடிச் சொன்னாலோ, முன்பதிவு செய்து கொடுத்தாலோ, அது வண்டியில்லாத துணைக்குழுவாக மாறிவிடுகிறது. புதிதாக வருபவர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான், ஏனெனில் செய்பவருக்கும் பெறுபவருக்கும் அது உதவி என்றே தோன்றுவதில்லை.

எல்லாருக்கும் சமமாகத் திறந்திருக்கும் கடை என்ற அளவுகோலுக்கு ஒரு குறையும் உண்டு. இதை ஆர்வலர்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் மனக்குறை. கதவு சமமாகத் திறந்திருக்கலாம், பணப்பை சமமாக இருப்பதில்லை. மழை கொட்டும் இரவில் விடுதியில் உடையை உலர்த்தி உறங்கியவரும், பேருந்து நிழற்குடையில் திறந்தவெளியில் படுக்க உதவும் மெல்லிய பிவி பைக்குள் நடுங்கியபடி படுத்தவரும் ஒரே விதிக்குள்தான் ஓடுகிறார்கள். மாற்றுச் சக்கரம் தேவைப்பட்டால் ஒருவரால் உடனே வாங்க முடிகிறது, இன்னொருவர் வளைந்த கம்பியோடு மீதி வழியை ஓட்டுகிறார். நுழைவுக் கட்டணம் இல்லாத போட்டிக்குக்கூட விமானப் பயணமும் வாரக்கணக்கான விடுப்பும் வேண்டியிருக்கின்றன. நேர்மை என்று நாம் சொல்வது வழியில் உள்ள நேர்மையை மட்டுமே. வழிக்கு வந்து சேர்வதில் உள்ள ஏற்றத்தாழ்வை அது தொடுவதில்லை.

இனி உயிர் தொடர்பானது. 2017 மார்ச் 31 அன்று, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டிலிலிருந்து சிட்னிக்குச் செல்லும் ஏறத்தாழ 5,500 கி.மீ. போட்டியின் இறுதிக் கட்டத்தில், இரண்டாம் இடத்தில் ஓட்டிக்கொண்டிருந்த மைக் ஹால் விடிவதற்கு முன் கான்பரா அருகே கார் மோதி உயிரிழந்தார். போட்டி அங்கேயே நிறுத்தப்பட்டது. முந்தைய ஆண்டுதான் டூர் டிவைடை 14 நாட்களுக்குள் முடித்துச் சாதனை படைத்திருந்தார் அவர். இந்த விளையாட்டின் விதிகளுக்கு அவரளவு வடிவம் கொடுத்தவர்கள் சிலரே. அந்த மரணத்துக்குப் பிறகு, பரபரப்பான நெடுஞ்சாலைகளைத் தவிர்ப்பது, ஒளிரும் உடையும் விளக்கும் கட்டாயமாக்குவது ஆகியவை போட்டிகளின் பேச்சில் முன்னைவிட அழுத்தம் பெற்றன.

உறக்கம் இதனோடு பிணைந்த கேள்வி. கடிகாரம் நிற்காத போட்டியில் உறக்கத்தைக் குறைப்பதே வேகத்தைக் கூட்டும் எளிய வழியாகத் தோன்றும். முன்னணி வீரர்கள் நாள்தோறும் சில மணி நேரமே உறங்குகிறார்கள். உறங்காதது என் விருப்பம், என் உடல், என் இழப்பு என்ற வாதம் யாருமற்ற மலைப்பாதையில் ஓரளவு செல்லும். பொதுச்சாலையில் செல்லாது. கண்செருகிய நிலையில் எதிர்த்தடத்துக்குள் சாய்ந்துவிடும் சைக்கிளைத் தவிர்க்க முயலும் வண்டியோட்டிக்கு இந்தப் போட்டியில் எந்தப் பங்கும் இல்லை. அவர் எந்த விதியிலும் கையெழுத்திடவில்லை. இரவில் குறிப்பிட்ட நேரம் கட்டாயம் நின்றாக வேண்டும் என்ற விதியைப் புதிய போட்டிகள் சில கொண்டுவந்திருக்கின்றன. தன் ஓய்வைத் தானே தீர்மானிப்பதுதான் தற்சார்பின் உயிர், அதைப் பறிக்கலாமா என்று மூத்த ஆர்வலர்கள் சிலர் எதிர்க்கிறார்கள். சாலையைப் பிறரோடு பகிரும் இடங்களிலாவது அந்தக் கட்டாயம் தேவை என்றே நான் நினைக்கிறேன்.

ஆபத்தில் இருக்கும் சக வீரருக்கு உதவுவதைப் பற்றி எந்த ஐயமும் வேண்டாம். அதைத் தடுக்கும் விதி எதுவும் கிடையாது, நின்று உதவாமல் போனவரை எந்தப் போட்டிச் சமூகமும் மதிப்பதும் இல்லை. உதவி பெற்றவரின் நிலைதான் சற்று மாறுபடும். மருத்துவமனைக்குப் போய்வருவது எல்லாருக்கும் திறந்த வழிதான் என்பதால் அதில் தடையில்லை. இன்னொரு வீரரின் கடைசி டியூபைப் பெற்றுக்கொண்டு ஓட்டத்தைத் தொடர்ந்தால் அதைச் சில போட்டிகள் ஏற்கும், சில தண்டிக்கும்.

எல்லாம் தவறிப்போனால் என்ன ஆகும் என்று அஞ்சித்தான் பலர் தொடங்கவே தயங்குகிறார்கள். உண்மையில் நடப்பது மிக எளிது. தனியே பயணத்தைத் தொடர முடியாத நிலை வந்து, நண்பரை அழைத்தோ வண்டியில் ஏறியோ ஒரு பகுதியைக் கடந்தவர், அமைப்பாளருக்கு ஒரு செய்தி அனுப்பித் தம் பெயரைத் தரவரிசையிலிருந்து நீக்கச் சொல்லிவிடலாம். அதன் பிறகும் அதே பாதையில், அதே பைகளோடு, கடைசி வரை ஓட்டிச்செல்ல அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அப்படிச் செய்பவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் இருக்கிறார்கள். தரவரிசையில் இல்லாவிட்டாலும் பாதையின் முடிவில் மற்றவர்களோடு அவர்களும் வந்து சேர்கிறார்கள்.